கிராம் சாரை ரத்தம் காட்டிக்கொடுத்த கதை

கடைத்தெருவில் அவரை எல்லோரும் கிராம் சார் என்றுதான் சொல்வார்கள். எடை அளவு ஆய்வாளர் உத்தியோகம். கையில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் வெல்வெட் துணி போட்ட பள்ளங்களில் பித்தளை எடைக்கற்கள், இரண்டு கிலோவிலிருந்து ஒரு கிராம் வரை, குட்டியும் குடும்பமுமாகப் படுத்திருக்கும். அவர் தெருமுனையில் திரும்பினால் போதும். மீன்காரர் தராசுத் தட்டை அவசர அவசரமாகத் துடைப்பார். ஆணிக்கடைக்காரர் தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த எதையோ பிய்த்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். கிராம் சார் யாரையும் திட்டியதில்லை. கல்லை வைப்பார், முள்ளைப் பார்ப்பார், "மூணு கிராம் கம்மி" என்பார்.

சொந்த மச்சினனையும் அவர் விட்டுவைக்கவில்லை. மனைவியின் தம்பி அதே தெருவில் ரொட்டிக்கடை வைத்திருந்தார். உப்பிய கன்னமும் சிரித்த முகமுமாக இருப்பார் என்பதால் ஊரே அவரைப் பன் என்று கூப்பிடும். ஒருமுறை பன்னின் தராசு நாலு கிராம் தப்பாகக் காட்டியது. வாடிக்கையாளருக்குச் சாதகமாகத்தான். இருந்தாலும் கிராம் சார் அங்கேயே நின்று நோட்டீஸ் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, அன்றைக்கு மத்தியானமே மச்சினன் வீட்டு விருந்துக்கும் போய் உட்கார்ந்தார்.

"எப்படிங்க உங்களால முடியுது?" என்று மனைவி கேட்டாள். அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்ப்பவள்.

"அது ஆபீஸு. இது வீடு" என்றார் கிராம் சார்.

ஆனால் வீட்டையும் அவர் ஆபீஸாகத்தான் வைத்திருந்தார். ஐம்பது வயது தாண்டியதும் உடம்பைப் பற்றிய கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. சமையலறையில் ஒரு தராசு வந்து உட்கார்ந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினெட்டு கிராம் எண்ணெய், அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது. அவரே காலையில் நிறுத்துக் கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். அவர் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டதும் மனைவி இன்னும் இரண்டு கரண்டி ஊற்றிக்கொள்வாள். சாப்பிடும்போது அவர் சப்புக்கொட்டி, "பாத்தியா? அளந்து ஊத்தினா எவ்வளவு ருசி!" என்பார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க" என்பாள்.

காலையில் ஆறாயிரம் அடி நடப்பார். எந்தக் கருவியும் இல்லாமல் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு போவார். நடுவில் யாராவது வணக்கம் சொல்லிவிட்டால் எண்ணிக்கை விட்டுப்போகும். மனசாட்சி கேட்காது, ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். இதைத் தெரிந்துகொண்ட எதிர்வீட்டுத் தையல்காரர் வாரத்துக்கு ஒரு தடவையாவது, அவர் ஐயாயிரத்தைத் தாண்டும் சமயம் பார்த்து, ஜன்னல் வழியாக மரியாதையாக ஒரு வணக்கம் வைப்பார்.

இப்படி இருக்கையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் இருப்பவர்கள், இதய நோய் இல்லாதவர்கள், ஓர் ஆராய்ச்சிக்குத் தேவை. கழுத்து ரத்தக் குழாயின் சுவர் எவ்வளவு தடிப்பு என்று ஸ்கேனில் அளப்பார்கள். கூடவே ரத்தம் எடுத்து அதிலுள்ள பத்துப் பன்னிரண்டு பொருள்களைப் பார்ப்பார்கள். ஐந்து வருடம் கழித்து மறுபடியும் அளப்பார்கள். யாருடைய சுவர் தடிக்கப் போகிறது என்பதை ரத்தம் முன்கூட்டியே சொல்லுமா, சொன்னால் அதில் எது சொல்லும் என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம்.

மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை அளப்பார்கள் என்று படித்ததும் கிராம் சாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலமே பெயர் கொடுத்தார். தன் பெயரை மட்டுமல்ல, பன்னின் பெயரையும்.

"நான் எதுக்கு அத்தான்?" என்றார் பன், மாவுக் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டே.

"உன் கழுத்துக்குள்ள என்ன இருக்குன்னு நீ ஒரு தடவை கண்ணால பாக்கணும் மாப்ளே. நான் இத்தனை வருஷமாத் தொண்டை கிழியச் சொல்றேன், நீ கேக்கல. மெஷின் சொன்னாலாவது கேப்பே."

மச்சினன் வெண்ணெயும் முட்டையுமாக வாழ்ந்து வளர்த்த தொப்பைக்கு, இந்த ஆராய்ச்சி ஒரு நோட்டீஸ் கொடுக்கும் என்பதுதான் அவர் மனக்கணக்கு.

கிராம் சாருக்கு நூற்றுப் பதின்மூன்றாம் எண், பன்னுக்கு நூற்றுப் பதினாலு. ஸ்கேன் அறையில் ஓர் உயரமான பெண் இருந்தாள். கழுத்தில் சில்லென்று ஏதோ பசையைத் தடவிக் கருவியை வைத்து அழுத்தினாள். திரையில் சாம்பல் நிறத்தில் இரண்டு கோடுகள் ஓடின.

"இந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கறதுதான் சார் சுவர்."

"இந்த மெஷினை யாரும்மா சோதிச்சாங்க? எப்போ?"

"போன மாசம்."

"முத்திரை எங்க?"

"சார், நீங்க பேசினா கழுத்து ஆடுது. கழுத்து ஆடினா அளவு தப்பா வரும். அப்புறம் உங்க சுவரு தடிச்சுப்போச்சுன்னு என்கிட்ட சண்டைக்கு வராதீங்க."

கிராம் சார் வாயை மூடினார். மூச்சையும் சேர்த்து மூடினார். முகம் நீலம் பாரித்தபோது அந்தப் பெண்ணே பயந்துபோய், "மூச்சு விடலாம் சார், மூச்சு விடலாம்!" என்று கத்தினாள். ஆறு இடத்தில் அளந்து சராசரி போட்டாள். புள்ளி எட்டு நாலு மில்லிமீட்டர்.

அடுத்துப் பன் படுத்தார். விடிவதற்கு முன்பே எழுந்து அடுப்பு மூட்டுபவர். மெத்தை கண்டதும் கண் சொக்கிவிட்டது. கழுத்தில் கருவி ஓட ஓட அவர் குறட்டை விட்டார். புள்ளி ஆறு ஒன்பது.

பக்கத்து அறையில் இருவரும் ரத்தமும் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது கிராம் சார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"விடுங்க அத்தான். உங்களுது கோட்டைச் சுவரு. என்னுது ஏதோ குடிசைச் சுவரு."

"எனக்கு வயசு உன்னைவிட ஒம்பது அதிகம். அதையும் கணக்குல சேக்கணும்" என்றார் கிராம் சார். சேர்த்துத்தான் பார்த்தார். அப்போதும் மனசு ஆறவில்லை.

மூன்று வாரம் கழித்து இருவருக்கும் கடிதம் வந்தது. பன்னுக்குச் சர்க்கரை வாசற்படியில் வந்து நிற்கிறதாம், உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். கிராம் சாருக்குக் கொழுப்பு சரி, சர்க்கரை சரி. ("பதினெட்டு கிராம்!" என்று அவர் மனைவியைப் பார்த்துக் கத்தினார். அவள் சொல்ல வந்ததை மென்று விழுங்கினாள்.) ஆனால் கடைசி வரியில், சி.ஆர்.பி. என்ற ஒன்று மூன்றுக்குள் இருக்க வேண்டியது எட்டு புள்ளி ஆறு இருக்கிறது, மறுபடியும் சோதிக்க வேண்டும், உடனே வரவும் என்று இருந்தது.

மறுநாள் கிராம் சார் ஒன்றரைப் பக்கத்துக்குப் புகார் எழுதிக்கொண்டு போனார். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா குள்ளமாக, கொண்டையில் ஒரு பேனாவைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புகாரை முழுக்கப் படித்தார். நூற்றுப் பதின்மூன்றும் நூற்றுப் பதினாலும் அடுத்தடுத்த எண்கள் என்பதாலும், இரண்டு ரத்தமும் ஒரே தட்டில் வைக்கப்பட்டதைத் தான் கண்ணால் கண்டதாலும், சீட்டு மாறி ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

"நியாயமான சந்தேகம்தான்" என்றார் டாக்டரம்மா. "இன்னொரு தடவை எடுத்துடலாம். நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க."

பார்த்தார். குழாயில் ரத்தம் ஏறியதைப் பார்த்தார், சீட்டு ஒட்டியதைப் பார்த்தார், பாதி சீட்டின் மேலும் பாதி குழாயின் மேலுமாகக் குறுக்கே கையெழுத்தும் போட்டார். ரத்தம் எடுக்கும் நர்ஸ் தன் வேலைக்காலத்தில் அப்படி ஒரு கையெழுத்தைப் பார்த்ததில்லை. முடிவு வந்தது. ஒன்பது புள்ளி ஒன்று.

கிராம் சார் பேயறைந்தவர் போல உட்கார்ந்துவிட்டார்.

"இது என்ன டாக்டர், நெஞ்சு வலிக்கு அறிகுறியா?"

"அவ்வளவு தூரம் போகாதீங்க. உடம்புல எங்கயோ அழற்சி இருக்கு, அதனால இது ஏறியிருக்கு. எங்கேன்னு இது சொல்லாது. கட்டடத்துல மணி அடிக்குது, எந்த ரூம்னு நாமதான் தேடணும். காய்ச்சல் உண்டா?"

"இல்ல."

"மூட்டு வலி? இருமல்? ஆறாத புண்ணு?"

"இல்ல, இல்ல, இல்ல."

"வாயில? பல்லுல, ஈறுல?"

கிராம் சாரின் நாக்கு அவரைக் கேட்காமலேயே வலது கடைவாய்க்குப் போய்த் தொட்டுவிட்டு வந்தது. "இல்லவே இல்ல" என்றார்.

பொய். அந்தப் பக்கத்துப் பற்கள் கெட்டு ஒன்பது வருடமாகிறது. ஈறு வீங்கும், வடியும், நாற்றமெடுக்கும். கிராம்பை அடக்கிக்கொள்வார், உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பார், இடது பக்கமாக மெல்லுவார். கட்டிய மனைவியிடம்கூட வாயைத் திறக்கவில்லை. பல் டாக்டர் என்றால் அவருக்கு அப்படி ஒரு குலைநடுக்கம். பதினோரு வயதில் ஒரு பல் வைத்தியர் சொத்தைப் பல்லை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த நல்ல பல்லைப் பிடுங்கினார். பிடுங்கிப் பார்த்து, "அட!" என்றார். பிறகு சரியானதையும் பிடுங்கினார். அந்த "அட!" நாற்பது வருடம் கழித்தும் கிராம் சாரின் காதில் கேட்கும்.

டாக்டரம்மா கொண்டையிலிருந்து பேனாவை உருவினார். "அடுத்த வாரம் வீட்ல இருந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க. சில விஷயம் நமக்கே தெரியாது, கூட இருக்கறவங்களுக்குத் தெரியும்."

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. கேள்வித்தாள் அடிக்க வேண்டியிருந்ததால் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. தம்பியை அனுப்பினாள். பன் கடையைப் பூட்டிவிட்டு, சவரம் செய்துகொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் போல வந்தார். டாக்டரம்மா மறுபடியும் அதே கேள்விகளைக் கேட்டார். கிராம் சார் மறுபடியும் இல்லை, இல்லை என்றார்.

பன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "டாக்டரம்மா, எங்க அத்தான் ரொட்டியோட ஓரத்தைச் சாப்பிட்டு ஒம்பது வருஷம் இருக்கும்" என்றார்.

"என்ன உளர்றே?" என்றார் கிராம் சார்.

"நான் ரொட்டிக்காரன் அத்தான். யார் எதைக் கடிக்கிறாங்க, எதை ஒதுக்குறாங்கன்னுதானே நாள் பூரா பாத்துட்டிருக்கேன்? மொதல்ல நீங்க ஓரத்தைப் பால்ல முக்குனீங்க. அப்புறம் பிய்ச்சு வெச்சுட்டு நடுவுல இருக்கறதை மட்டும் தின்னீங்க. அதுவும் இடது பக்கமா. உங்க வீட்டுக்கு அனுப்பற ரொட்டியில நான் ஓரத்தை வெட்டிட்டுத்தான் அனுப்பறேன். இத்தனை வருஷமா நீங்க கவனிக்கவே இல்லையா?"

கவனிக்கவில்லை. ஊரில் உள்ள ஒவ்வொரு தராசின் முள்ளையும் கவனித்தவர், தன் தட்டில் வந்து விழுந்த ரொட்டிக்கு ஓரம் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. இவர் நோட்டீஸ் கொடுத்த வாரத்திலும் பன் ஓரத்தை வெட்டித்தான் அனுப்பியிருக்கிறார்.

"வாயைத் திறங்க" என்றார் டாக்டரம்மா. திறந்தார். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்தார். "மூணாவது கதவு. பல் பிரிவு. இப்பவே போங்க."

"நாளைக்கு..."

"இப்பவே" என்றார் பன். இருபது வருடம் மாவு பிசைந்த கை கிராம் சாரின் முழங்கையைப் பிடித்தது. பிடித்த பிடியில் அவர் மூன்றாவது கதவுக்குள் இருந்தார்.

பல் டாக்டர் வேலை செய்துகொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடும் ஆள். படம் எடுத்துப் பார்த்தார். மூன்று பல் போயாக வேண்டும், மற்ற ஈறுகளை நாலைந்து தடவை சுத்தம் செய்தால் தேறிவிடும் என்றார். நாற்காலியில் கிடந்த கிராம் சார் கையைத் தூக்கினார்.

"எந்தப் பல்லுன்னு எழுத்துல வேணும்."

பாட்டு நின்றது. "எழுத்துலயா?"

"எழுத்துல. மேலயா கீழயா, எத்தனாவது, எல்லாம். சாட்சிக் கையெழுத்து இவன் போடுவான்."

பல் டாக்டரும் ஒரு மாதிரி ரசனைக்காரர்தான் போலிருக்கிறது. சீட்டை எடுத்து, "வலது பக்கம், கீழே, கடைசியிலிருந்து ஒன்று, இரண்டு, வலது பக்கம், மேலே, கடைசி ஒன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பன் சாட்சியாகக் கையெழுத்திட்டார். கிராம் சார் கண்ணாடியில் பார்த்து விரலால் தொட்டுச் சரிபார்த்தார். அதன் பிறகுதான் மரத்துப்போக வைக்கும் ஊசி.

பன் பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க அத்தான், நான் இருக்கேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்து, இடம் தெரிந்து நிறுத்திக்கொண்டார். குறடு வாய்க்குள் போனது. முதல் பல் ரத்தத்தோடு வெளியே வந்தது. தடாலென்று ஒரு சத்தம். பன் தரையில் கிடந்தார்.

கிராம் சார் நாற்காலியிலிருந்து குதித்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டிருந்தது, மோவாயில் ரத்தம், கழுத்தில் கட்டிய துணி. அப்படியே மச்சினனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சாட்சிக் கையெழுத்திட்ட சீட்டாலேயே விசிறினார். "மாப்ளே! மாப்ளே!" என்று கூப்பிட்டது "மாஹ்ளே! மாஹ்ளே!" என்று வந்தது. தண்ணீர் தெளித்து, எழுப்பி, சுவரோடு சாய்த்து உட்கார வைத்த பிறகுதான் மறுபடியும் நாற்காலிக்குப் போனார். மச்சினன் மேலேயே கண் இருந்ததில் அடுத்த இரண்டு பல்லும் போனதே தெரியவில்லை. "ஆச்சு" என்று பல் டாக்டர் சொன்னபோது, "எது ஆச்சு?" என்று கேட்டாராம்.

பல் மூன்றையும் வாங்கிக்கொண்டுபோய் ஆபீஸ் தராசில் நிறுத்துப் பார்த்தார். ஐந்து கிராம் எழுநூறு மில்லிகிராம். "இதுக்கா இத்தனை பாடு!" என்று மனைவி தலையிலடித்துக்கொண்டாள். ஒன்பது வருடம் தன்னிடம் மறைத்துவிட்டாரே என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், தன் பங்குக்கு எண்ணெய் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அதன்பின் இரண்டு நாள் அவர் பேசவில்லை. ஐந்தாம் நாள் சமையலறைத் தராசு பரணுக்குப் போனது.

நாலு மாதம் கழித்து எடுத்த ரத்தத்தில் அந்த ஒன்பது புள்ளி ஒன்று, ஒன்று புள்ளி ஒன்பதாக இறங்கியிருந்தது. கிராம் சார் டாக்டரம்மா எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ சுவரு மெலிஞ்சிரும்?"

"தெரியாது."

"தடிக்காமலாவது நிக்குமா?"

"அதுவும் தெரியாது சார். தெரிஞ்சா நான் எதுக்கு முந்நூறு பேரு கழுத்தை அளந்துட்டிருக்கேன்? உங்க ஒருத்தரை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. எல்லாரும் திரும்பி வந்தாத்தான் கணக்கு நிக்கும்."

வாழ்க்கையில் அவருக்கு முதல்முறையாக ஓர் அளவுகோல் "தெரியாது" என்று சொன்னது. ஏமாற்றமாக இருந்தது. ஆனால் எடை தெரியாதபோது தெரியாது என்று சொல்லும் தராசை அவரால் மதிக்காமல் இருக்க முடியவில்லை.

ஐந்து வருடம் ஓடியது. அதற்குள் அவர் ஓய்வு பெற்றார். பன் சர்க்கரைக்குப் பயந்து அவரோடு நடக்க வந்தார். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்ததில் அடி எண்ணும் வழக்கம் அடியோடு ஒழிந்தது. இரண்டாவது ஸ்கேனில் கிராம் சாருக்குப் புள்ளி எட்டு ஐந்து. பன்னுக்குப் புள்ளி ஏழு ஆறு. யாருடைய சுவர் எதனால் அப்படி ஆனது என்று கேட்டதற்கு டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். அவருக்கு வேறு கவலை. முந்நூறு பேரில் அறுபத்தொரு பேரைக் காணவில்லை. கடிதம் போட்டாலும் பதில் இல்லை, போன் போட்டாலும் எடுப்பதில்லை. இவர்கள் வராவிட்டால் ஐந்து வருட வேலை தண்ணீரில் போட்டது போலத்தான்.

"லிஸ்ட்டைக் குடுங்க" என்றார் கிராம் சார்.

ஒளிந்துகொள்ளும் ஆளைத் தேடிப்பிடிப்பது அவருக்கு இருபத்தாறு வருடப் பழக்கம். முன்வாசலில் ஒரு தடவை தட்டுவார், பின்வாசலில் போய் நிற்பார். வீடு மாறினவர்களை அவர்கள் பால் வாங்கிய கடையில் விசாரித்துப் பிடித்தார். ஊசிக்குப் பயந்து மாமியார் வீட்டில் பதுங்கியிருந்த ஒரு லாரி டிரைவரை, மாமியாரின் ஒத்துழைப்போடு பிடித்தார். இரண்டு பேர் இறந்து போயிருந்தார்கள். அதில் ஒரு வீட்டில், புருஷனுடைய ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து வைத்திருந்த அம்மா, அதை முந்தானையால் துடைத்து இவர் கையில் கொடுத்தார். கிராம் சார் அங்கே நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தேதியைக் குறித்துக்கொண்டு எழுந்தார். அன்றைக்கு வேறு வீட்டுக்குப் போகவில்லை.

ஐம்பத்தெட்டு பேரைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். கடைசியாக மிச்சமிருந்தவர் எண்பத்தேழாம் எண், ஒரு பழக்கடைக்காரர். கிராம் சார் தெருமுனையில் திரும்பியதுதான் தாமதம், அவர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓட்டமெடுத்தார். இவர் துரத்தினார். சந்து, சந்துக்குள் சந்து, தண்ணீர்த் தொட்டி, குட்டிச்சுவர் என்று ஐந்து தெரு ஓடி, கடைசியில் ஒரு முட்டுச்சந்தில் மூச்சு முட்டிப்போய்ப் பழக்கடைக்காரர் கையைத் தூக்கினார். கிராம் சார் பேச மூச்சில்லாமல் அவரை ஆட்டோவில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் அந்த உயரமான பெண் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் நாடி இப்படித் துடிக்குது. அரை மணி நேரம் பெஞ்சில உக்காருங்க. அப்புறம்தான் ஸ்கேன்."

உட்கார்ந்தார்கள். பழக்கடைக்காரர் மூச்சு வாங்கி முடித்ததும் சுற்றுமுற்றும் பார்த்தார். "சார், ரத்தம் எடுக்கத்தானா வந்தீங்க?"

"பின்னே?"

"நான் தராசுக்குன்னு நெனச்சேன்." குரலை இறக்கினார். "உங்ககிட்ட மறைப்பானேன். பதினஞ்சு கிராம் அடிக்குது சார். காந்தம் வெச்சிருக்கேன்."

"நான் ரிடையராகி ஒன்றரை வருஷம் ஆச்சுய்யா" என்றார் கிராம் சார்.

பழக்கடைக்காரர் பெஞ்சில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா சார்! நானும் ஓடியிருக்க மாட்டேன், வாயையும் விட்டிருக்க மாட்டேன்."

"நீ எங்க நின்னே, நான் சொல்றதுக்கு?" கிராம் சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "வியாழக்கிழமை புது ஆய்வாளர் வர்றாங்க. பொம்பளை. என்னைவிட வேகமா ஓடுவாங்கன்னு கேள்வி. புதன்கிழமைக்குள்ள அதை எடுத்துப்போடு."

உள்ளேயிருந்து எண்பத்தேழு என்று கூப்பிட்டார்கள். பழக்கடைக்காரர் எழுந்து, சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு, போவதா வேண்டாமா என்பது போல வாசலைப் பார்த்தார். கிராம் சார் காலை நீட்டி வழியை மறித்தார்.